எல்டிஎல் 165 வந்திருக்கு, மாத்திரை இல்லாம இறக்க முடியுமா? (கடலூர்)

மஞ்சக்குப்பம்_வாசி | மார்ச் 4, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் முத தடவையா எழுதறேன். வயசு 42, சிப்காட்ல ஸ்டோர்ஸ்ல வேல, நாள் பூரா சேர்லயேதான். வருஷா வருஷம் கம்பெனில எடுக்கற டெஸ்ட்ல இந்த வாட்டி நாலு எடத்துல செவப்பு மையில சுழிச்சி குடுத்துட்டாங்க. மொத்த கொலஸ்ட்ரால் 254, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றது) 165, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடற இன்னொரு கொழுப்பு) 265. வெறும் வயித்துல சுகர் 104. பிபி 138/88. எடை 81, உயரம் 168. சிகரெட் விட்டு ரெண்டு வருஷம் ஆவுது. சனிக்கிழம மட்டும் ஃப்ரெண்ட்ஸோட பாண்டி பக்கம், அளவாதான்.

டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சிடலாம்னார். ஒருக்கா ஆரம்பிச்சா சாவற வரைக்கும் விட முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதனால மூணு மாசம் டைம் குடுங்க சார்னு கேட்டுட்டு வந்துட்டேன். குடும்பத்துல யாருக்கும் ஹார்ட் பிரச்சன கெடையாது. அப்பா கூட 49 வயசுல நெஞ்சுல கேஸ் அடைச்சிதான் போனாரு, மத்தபடி சுகர் பிபி ஒண்ணுமே இல்ல அவருக்கு.

முட்டைய நிறுத்திட்டேன், மீனையும் நிறுத்திட்டேன். வேற என்னல்லாம் நிறுத்தணும்? சாப்பாட்டாலயே இறக்கினவங்க இருந்தா சொல்லுங்க.

டீக்கடை_பெஞ்சு | மார்ச் 4, இரவு 10.41

ப்ரோ மொதல்ல மீன ஏன் நிறுத்துனீங்க, கடலூர்ல இருந்துகிட்டு மீன நிறுத்தறதெல்லாம் பாவம் :)

உப்பனாறு | மார்ச் 4, இரவு 11.05

அதான நானும் கேக்கறேன். எங்க வூடு முதுநகர், தாத்தா காலத்துல இருந்து கடல்தான். தாத்தா 86 வரைக்கும் இருந்தாரு, தெனம் மீனுதான். என்னா ஒண்ணு, அவரு துன்னது மத்தியும் கானாங்கத்தயும் கொழம்புல போட்டு, சட்டில புளி ஊத்தி. இப்ப நாம துன்றது வஞ்சிரத்த மொளகா மசாலா தடவி எண்ணெய்ல முழுவடிச்சி, அதுக்கு தொட்டுக்க மயோனீஸ். மீன கொற சொல்லிக்கினு இருக்கீங்க, எண்ணெய் சட்டிய ஒருத்தரும் கேக்க மாட்றீங்க.

பண்ருட்டி_பலா | மார்ச் 5, காலை 6.12

முந்திரிய நிறுத்துங்கன்னு யாராச்சும் வந்து சொல்றதுக்குள்ள நானே முந்திக்கறேன். எங்க ஊரு பொழப்பே அதுலதான் ஓடுது. செடி கொடில கொலஸ்ட்ராலே கெடையாது, அது உசுரு உள்ள ஜந்து ஒடம்புல மட்டும்தான் உண்டாவும். முந்திரில இருக்கற கொழுப்புல பெரும்பகுதி கடலை எண்ணெய்ல இருக்கற மாதிரி வகைதான். ஒரு கை அளவு, வறுக்காம உப்பு போடாம துன்னா ஒண்ணும் ஆவாது. ஆனா கல்யாண வூட்ல நெய்ல பொரிச்ச முந்திரிய கிலோ கணக்குல மொச்சிட்டு எங்க ஊரு மேல பழி போடாதீங்க.

வெள்ளத்தொப்பி | மார்ச் 5, காலை 9.30

தம்பி, நான் பாண்டிச்சேரில அரசு ஆஸ்பத்திரில 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்ட் ஆனவ, அதுல பாதிக்கு மேல இருதய வார்டு. நான் டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா உங்க பதிவுல நீங்க சாதாரணமா எழுதிட்டு தாண்டிப் போன ஒரு வரிதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

49 வயசுல நெஞ்சுல கேஸ் அடைச்சி யாரும் சாவறதில்ல தம்பி.

அன்னிக்கி என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க. வேர்த்துச்சா, இடது கையோ தாடையோ வலிச்சுதா, எவ்வளவு நேரம் வலி இருந்துச்சு, இதெல்லாம் கேளுங்க. அத தெரிஞ்சிக்காம முட்டைய நிறுத்தலாமா மீன நிறுத்தலாமான்னு பேசிட்டு இருக்கறதுல அர்த்தம் இல்ல.

உண்மை_விளம்பி | மார்ச் 5, காலை 11.48

வந்துட்டாங்கய்யா பயமுறுத்தறதுக்கு. கொலஸ்ட்ராலே ஒரு கட்டுக்கதை, மருந்து கம்பெனிங்க மாத்திர விக்கறதுக்காக கெளப்பி விட்டது. மூளைக்கு கொலஸ்ட்ரால் வேணும், ஹார்மோனுக்கு வேணும். நம்ம பாட்டன் பூட்டன்லாம் நெய்யும் வெண்ணெயுமா துன்னு நூறு வயசு வாழ்ந்தாங்க. செக்கு எண்ணெய்க்கு மாறுங்க, தெனம் காலைல பூண்டு பால், வாரம் ரெண்டு நாள் கொள்ளு ரசம், எல்லாம் ஓடிடும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஒரு கஷாயப் பொடி தர்றாரு, வேணும்னா உள்பெட்டிக்கு வாங்க.

டீக்கடை_பெஞ்சு | மார்ச் 5, பகல் 12.02

சதியும் சொல்றாரு, பொடியும் விக்கறாரு. அடடா.

வெள்ளத்தொப்பி | மார்ச் 5, பகல் 1.15

உண்மை விளம்பி சார், ஒடம்புக்கு கொலஸ்ட்ரால் வேணும்ங்கறது சரிதான், அதுக்காகத்தான் கல்லீரலே அத தயார் பண்ணிக்குது. ரத்தத்துல எல்டிஎல் மிதமிஞ்சி சுத்திட்டே இருந்தா ரத்தக்குழாய் சுவத்துல போய் படியும், சங்கதி அதுதான். பொறக்கும்போதே அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலயும் கோளாறான மரபணு வாங்கிட்டு வர்ற புள்ளைங்க இருக்காங்க, ரொம்ப அபூர்வம், எல்டிஎல் 500க்கு மேல போவும். அந்த புள்ளைங்களுக்கு சிகரெட் இல்ல, சுகர் இல்ல, டென்ஷன் இல்ல, ஆனா இருவது வயசு தாண்டறதுக்குள்ளயே ஹார்ட் அட்டாக் வரும். குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாருலயும் கண்ணு ஓரத்துலயும் மஞ்சளா கட்டி கட்டியா நிக்கும். அப்படி ஒரு புள்ளைய வார்டுல பாத்தவ நான், அதுக்கு மேல அதப்பத்தி எழுத மனசு வரல. இத ஆராய்ஞ்சி, எல்டிஎல்ல ரத்தத்துல இருந்து உள்ள இழுக்கற ஏற்பி ஒண்ணு கல்லீரல்ல இருக்குதுன்னு காட்டினதுக்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985ல நோபல் பரிசு குடுத்தாங்க. அந்த கதையெல்லாம் எந்த மருந்து கம்பெனி விளம்பரத்துலயும் வராது.

பாட்டன் பூட்டன் நூறு வயசு வாழ்ந்தாங்கன்னா, நாப்பதுல போனவங்கள யாரு கணக்கு எடுத்தா? அவங்களுக்கும் "கேஸ்"னுதான் எழுதியிருப்பாங்க.

பூண்டு, கொள்ளு, வெந்தயம் எல்லாம் நல்ல சாப்பாடு. கொள்ளுலயும் வெந்தயத்துலயும் கரையற நார்ச்சத்து இருக்கு, அது குடல்ல பித்தநீரோட சேந்து கொஞ்சம் கொலஸ்ட்ரால வெளிய தள்ளும். ஆனா அஞ்சு பத்து சதவீதம் எறங்கலாம், அவ்வளவுதான். மருந்துன்னு நெனச்சி அதையே நம்பி உக்காந்துடக் கூடாது. ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்ப தொறந்து வெக்கற கம்பி வலை) வெச்ச ஒரு ஆளு இப்படி ஏதோ ஒரு பொடிய நம்பி மாத்திரைய நிறுத்திட்டு ஆறாவது மாசம் ஸ்ட்ரெச்சர்ல வந்தாரு.

எண்ணெய்க்கடை_மருமகள் | மார்ச் 5, மாலை 4.40

செக்கு எண்ணெய் பத்தி நான் பேசலாம், மாமனாருக்கு திருப்பாதிரிப்புலியூர்ல எண்ணெய்க் கடை. நல்லெண்ணெய் கடல எண்ணெய் எதுவா இருந்தாலும் செக்குல ஆட்டினா வாசன நல்லா இருக்கும், உண்மதான். ஆனா கொழுப்பு அதே கொழுப்புதாங்க, செக்கு சுத்தினதால அது கொறஞ்சிடாது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் எதுவா இருந்தாலும் 120 கலோரி. கெட்டிக் கொழுப்பு (லேபிள்ல சாச்சுரேட்டட் ஃபேட்னு போடறது) எவ்வளவுன்னு பாத்தா தேங்கா எண்ணெய் நூத்துக்கு தொண்ணூறு கிட்ட, ரேஷன்ல தர்ற பாமாயில் நாப்பதுக்கு மேல, கடல எண்ணெய் இருவது சொச்சம், நல்லெண்ணெய் பதினஞ்சு பக்கம். எல்டிஎல்ல ஏத்தறது இந்த கெட்டிக் கொழுப்புதான், முட்டைய விட இதுதான் ஜாஸ்தி. கடைக்கு வர்றவங்க எல்லாரும் எது நல்ல எண்ணெய்னு கேப்பாங்க, எவ்வளவு ஊத்தலாம்னு ஒரு ஆளும் கேட்டதில்ல. எங்க வியாபாரத்துக்கு அதுவும் நல்லதுதான், ஹி ஹி.

அண்ணா, உங்க வூட்ல மாசத்துக்கு எவ்வளவு வாங்கறீங்க? எத்தன பேரு?

மஞ்சக்குப்பம்_வாசி | மார்ச் 6, இரவு 9.55

நாலு பேரு, அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு. அது போக ரேஷன் பாமாயில் ஒரு பாக்கெட், அது வட அப்பளத்துக்கு. எழுதும்போதே தெரியுது.

அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்ல, அப்ப எனக்கு 15 வயசு. ராத்திரி சாப்ட்டுட்டு படுத்தாராம், ஒரு மணி வாக்குல எழுந்து நெஞ்சு மேல கல்ல வெச்ச மாதிரி இருக்குதுன்னாராம். சட்ட நனையற அளவுக்கு வேர்த்துச்சாம். பக்கத்து தெருவுல ஒரு கிளினிக்க தட்டி எழுப்பி காட்டியிருக்காங்க, கேஸுன்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. வூட்டுக்கு வந்து ஓமத்தண்ணியும் சோடாவும் குடிச்சிருக்காரு. விடிகால நாலரைக்கு போயிட்டாரு. அம்மா சொல்லும்போது "தாடைய புடிச்சிக்கினே இருந்தாருடா, பல்லு வலின்னு நெனச்சேன்"ன்னாங்க.

அதுக்கு மேல நான் எதும் கேக்கல.

வெள்ளத்தொப்பி | மார்ச் 6, இரவு 10.30

கேட்டதுக்கு நன்றி தம்பி. அம்மா மேல தப்பே இல்ல, அவங்ககிட்ட அத வாயத் தொறந்து சொல்லிடுங்க.

இப்ப உங்க கணக்கு மாறுது. அப்பாவுக்கோ கூடப் பொறந்த ஆம்பளைக்கோ 55க்குள்ள, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்குள்ள ஹார்ட் அட்டாக் வந்திருந்தா அத குடும்ப வரலாறுன்னு டாக்டருங்க தனியா எழுதுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு மத்த நாட்டுக்காரங்கள விட அஞ்சாறு வருஷம் முன்னாடியே மாரடைப்பு வருதுன்னு 52 நாட்டுல நடத்தின இன்டர்ஹார்ட் ஆய்வு 2004லயே சொல்லிடுச்சு. அடுத்த வாட்டி போகும்போது டாக்டர்கிட்ட அப்பா கதைய மொத்தமா சொல்லுங்க, அவர்கிட்டயும் "கேஸ்"னுதான சொல்லியிருப்பீங்க. தைராய்டு டிஎஸ்ஹெச் பாக்க சொல்லுங்க, தைராய்டு கொறஞ்சாலும் எல்டிஎல் ஏறும், அத சரி பண்ணினா தன்னால எறங்கும். முடிஞ்சா லைப்போப்ரோட்டீன் ஏவும் (எல்டிஎல் மாதிரியே இன்னொரு கொழுப்புத் துகள்) பாக்க சொல்லுங்க. அது பரம்பரையா வர்றது, வாழ்நாள்ல ஒரு தடவ பாத்தா போதும்.

டைம் கேட்டது தப்பில்ல, மூணு மாசத்த ஒழுங்கா பயன்படுத்துங்க. நடுவுல நடக்கும்போது நெஞ்சு அடைச்சா, மூச்சு வாங்கினா, மூணு மாசம்லாம் காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே போயிடணும். ராத்திரியா இருந்தா 108. இப்பல்லாம் ஆரம்ப சுகாதார நெலையத்துலயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் (ரெண்டும் ரத்தம் உறையாம இருக்க), அட்டோர்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) மூணையும் முதல் டோஸா குடுத்துட்டுதான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க, 2023ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டம் அதுதான். அது அன்னிக்கி இருந்திருந்தா... சரி விடுங்க.

லாஸ்பேட்டை_லோகு | மார்ச் 7, காலை 7.50

நானும் ஒரு வருஷம் முன்னாடி இதே கேசுதான், ட்ரைகிளிசரைடு 410. லேப்ல எல்டிஎல் கட்டத்துல கோடு போட்டு வெச்சிட்டான், ஏன்டா பணம் வாங்கலியான்னு சண்டைக்கு போனேன். 400 தாண்டினா அந்த கணக்கு ஒத்து வராது சார், நேரடியா அளக்கணும், அதுக்கு தனி காசுன்னான். மொத்தத்துல இருந்து ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சிதான் எல்டிஎல் போடறாங்களாம், அப்பதான் தெரியும். மஞ்சை அண்ணா உங்க ரிப்போர்ட்ட கழிச்சி பாத்தேன், 254ல 36 போய் 53 போய் 165, கரெக்டா வருது.

சரி விஷயத்துக்கு வர்றேன். ட்ரைகிளிசரைடு ஏறுனது எண்ணெயால மட்டும் இல்ல. சரக்கு, சக்கரை, சோறு இந்த மூணும்தான். நம்ம ஊர்ல வெல கம்மி, தெருவுக்கு தெரு கடை, சனிக்கிழம ஆனா கடலூர்க்காரன் விழுப்புரத்துக்காரன் எல்லாம் இங்கதான். நீங்க அளவுன்னு சொல்றது எவ்வளவுண்ணா? நானும் அளவுன்னுதான் சொல்லிட்டு இருந்தேன், சைட் டிஷ்ஷயும் சேத்து எழுதிப் பாத்தப்பதான் வெக்கமாச்சு. விட்டேன். ரெண்டு மாசத்துல 410ல இருந்து 190. வேற பெருசா எதும் மாத்தல.

நடைக்கு பீச் ரோடு. சாயந்தரம் ஆறுல இருந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, காந்தி செலைல ஆரம்பிச்சி அந்த கோடிக்கும் இந்த கோடிக்கும் ரெண்டு சுத்து. முடிச்சிட்டு சூடா ரெண்டு வட துன்னுட்டு வர்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு, அதுல மட்டும் சேந்துடாதீங்க. நான் ஆறு மாசம் அதுல மெம்பர்.

டீக்கடை_பெஞ்சு | மார்ச் 7, காலை 8.15

அந்த கோஷ்டி தலைவர் எங்க பெரியப்பா.

உண்மை_விளம்பி | மார்ச் 7, காலை 10.00

மாத்திர போட்டா தசை எல்லாம் கரைஞ்சிடும், ஈரல் போயிடும், அத யாரும் சொல்ல மாட்டாங்க.

வெள்ளத்தொப்பி | மார்ச் 7, காலை 10.50

சொல்றேனே. சில பேருக்கு தசை வலி வரும், வந்தா டாக்டர் அளவ கொறைப்பாரு, இல்ல வேற மாத்திரைக்கு மாத்துவாரு. தசை நெசமாவே பாதிக்கறது ரொம்ப அபூர்வம். ஈரல் டெஸ்ட் எடுத்துட்டுதான் ஆரம்பிப்பாங்க. லேசா சுகர் ஏறவும் வாய்ப்பு உண்டு, அதையும் மறைக்கல. அத விட மாரடைப்ப தடுக்கற லாபம் பெருசு, ஆபத்து அதிகமா இருக்கறவங்களுக்கு.

மஞ்சக்குப்பம்_வாசி | ஏப்ரல் 19, இரவு 9.10

ஒன்றரை மாசம் ஆச்சு, எழுதறேன்னு சொல்லி எழுதாம இருந்தேன்.

எண்ணெய்தான் மொத வேல. ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு ஒரு டயட்டீஷியன் சொன்னாங்க, நாலு பேருக்கு ரெண்டு லிட்டர். வூட்டுக்காரம்மா ஒரு பழைய ஒரு லிட்டர் பாட்டில்ல நாலு கோடு கிழிச்சி, கோட்டுக்கு கோடு ஒண்ணாம் வாரம் ரெண்டாம் வாரம்னு பேனால எழுதி அடுப்பு மேடைல வெச்சிட்டாங்க. காலைல தாளிக்க ஒண்ணு, ராத்திரி தோசைக்கு ஒண்ணுன்னு அந்த மாதிரி ரெண்டு பாட்டில். மொத மாசம் மூணாம் வாரத்துலயே ரெண்டும் காலி. நாலாம் வாரம் ஃபுல்லா இட்லி, ஆவில வெச்ச கொழுக்கட்ட, ரசம், சுண்டல். பையன் "நாம ஏழையாயிட்டோமாப்பா"ன்னு கேட்டான். ரெண்டாவது மாசம் இதுவரைக்கும் கோடு தாண்டல. தோசக்கல்லுக்கு எண்ணெய ஊத்தறதில்ல, பாதி வெங்காயத்த கரண்டில குத்தி எண்ணெய்ல தொட்டு தேய்க்கறது, அம்மா சொல்லிக் குடுத்தது. அதுலயே பாதி மிச்சம்.

முட்டைய திரும்ப ஆரம்பிச்சிட்டேன், தெனம் ஒண்ணு, அவிச்சது. மீனும் ஆரம்பிச்சாச்சு, மத்தி கானாங்கத்த வாரம் மூணு நாள் கொழம்புல. வறுவல் ஆசை வந்தா வாழ இலைல மடிச்சி தோசக்கல்லுல ஒரு ஸ்பூன் எண்ணெய். ஆனா 15ஆம் தேதில இருந்து தடைக்காலம், 61 நாளு விசைப்படகு போவாது, இப்ப நாட்டுப்படகு மீனுதான், யான வெல குதிர வெல. கருவாடு வாங்கலாம்னு போனேன், பிபிக்கு உப்பு ஆவாதேன்னு நெனப்பு வந்து திரும்பிட்டேன்.

நடைதான் தகராறு. விடிகால அஞ்சரைக்கு சில்வர் பீச் ரோட்டுல கெளம்பினேன், நாலாவது நாளு தேவனாம்பட்டினம் திரும்பற எடத்துல ஆறு நாயி தொரத்தி, செருப்ப விட்டுட்டு ஓடினேன். அந்த வாரம் அதுதான் என்னோட தீவிர உடற்பயிற்சி. இப்ப மஞ்சக்குப்பம் மைதானத்துல சாயந்தரம் முக்கா மணி நேரம், வாரம் அஞ்சு நாளு. மொதல்ல மூச்சு வாங்கும், நெஞ்சு அடைக்கல, அத பாத்துக்கினுதான் நடக்கறேன்.

லோகு தம்பி, சனிக்கிழமைய எழுதிப் பாத்தேன். எழுதின பேப்பர கிழிச்சிட்டேன். இப்ப போறதில்ல.

உப்பனாறு | ஏப்ரல் 19, இரவு 9.40

கருவாட்ட வெச்சிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் பெருசு. என்னால முடியாது சாமி. தடை முடியட்டும், மத்தி எறங்கற அன்னிக்கி சொல்றேன், ஹார்பருக்கு நேரா வாங்க.

மஞ்சக்குப்பம்_வாசி | ஜூன் 11, இரவு 8.30

ரிப்போர்ட் வந்துடுச்சு. மொத்தம் 210, எல்டிஎல் 142, ஹெச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 150. சுகர் 96, பிபி 128/82. எடை 76.5, இடுப்பு 98 சென்டிமீட்டர் இருந்தது 93. தைராய்டு நார்மல். லைப்போப்ரோட்டீன் ஏ மட்டும் ஒசரம்.

ட்ரைகிளிசரைட பாத்து குதிச்சேன், எல்டிஎல்ல பாத்து ஒக்காந்துட்டேன். இவ்வளவு கட்டு கட்டியும் 165ல இருந்து 142தானா.

இந்த வாட்டி டாக்டர்கிட்ட அப்பா கதைய முழுசா சொன்னேன். அவரு பேனாவ கீழ வெச்சிட்டு கேட்டாரு. அப்புறம் சொன்னது, நீங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல, சுகர் வர்ற பாதைல இருந்து திரும்பியிருக்கீங்க, ஆனா எல்டிஎல்ல பாதிக்கு மேல உங்க கல்லீரலும் அப்பா குடுத்த மரபணுவும்தான் முடிவு பண்ணுது, சாப்பாட்டால எறங்கற அளவுக்கு எறங்கிடுச்சு, மிச்சத்துக்கு மாத்திர போடுங்கன்னாரு. நூறுக்கு கீழ வரணுமாம். நடையையும் எண்ணெய் பாட்டிலயும் விட்டுட்டா மாத்திர அளவ ஏத்த வேண்டி வரும், அதையும் சொன்னாரு. அட்டோர்வாஸ்டாட்டின் 20, ராத்திரி ஒண்ணு. நேத்து மொத மாத்திர போட்டேன்.

உண்மை_விளம்பி | ஜூன் 11, இரவு 8.52

கடைசில மாத்திரைலதான் முடிஞ்சுது, நான் அப்பவே சொன்னேன்.

எண்ணெய்க்கடை_மருமகள் | ஜூன் 11, இரவு 9.03

நீங்க சொன்னது பூண்டு பால் சார்.

வெள்ளத்தொப்பி | ஜூன் 11, இரவு 9.25

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆறேழு வாரம் கழிச்சி ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க, ஈரலையும் சேத்து. மாத்திரைய வெளிய வாங்கறதுன்னா கம்பெனி பேரு பாக்காதீங்க, மருந்து பேர சொல்லி மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ கேளுங்க, பெரியாஸ்பத்திரில இலவசமாவே தருவாங்க. இன்னொண்ணு, லைப்போப்ரோட்டீன் ஏ ஒசரம்னா அது வூட்டோட சொத்து. புள்ளைங்களுக்கு ஒரு தடவ பாத்துடுங்க. கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?

மஞ்சக்குப்பம்_வாசி | ஜூன் 11, இரவு 10.14

பையனுக்கு 11, பொண்ணுக்கு 8. சனிக்கிழம கூட்டிட்டு போறேன், இப்ப சனிக்கிழம ஃப்ரீதான.

தம்பி ஒருத்தன் இருக்கான், 38 வயசு, சிங்கப்பூர்ல. போன்ல அப்பா விஷயத்த சொன்னேன், "அது கேஸ்தாண்ணா, நீயா எதுக்கு கெளப்பற"ன்னு வெச்சிட்டான். இந்த இழைய அப்படியே அவனுக்கு வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன். ரெண்டு ப்ளூ டிக்கும் விழுந்துடுச்சு. பதில் வரல இன்னும்.